அச்சு முறிந்தது யார் குற்றம்?

கோடையின் பின்பகுதியில் ஒரு நாள், பாஞ்சால தேசத்துக் காம்பில்ய நகரத்தை அடுத்த கங்கைக்கரை வனத்தில் சீடர் சூழ உலாவிக்கொண்டிருந்த ஆத்திரேய முனிவர், நட்சத்திரங்களும் காற்றும் திசைகளும் தம் இயல்பு திரிந்து காணப்படுவதைக் கவனித்து, பூமி தன் சாரத்தை இழக்குமுன் மூலிகைகளைச் சேகரித்து வைத்துக்கொள்ளும்படி அக்னிவேசனிடம் சொன்னதாகச் சரக சம்ஹிதையின் விமானஸ்தானத்தில் மூன்றாம் அத்தியாயம் தொடங்குகிறது. ஜனபதங்களைக் கூட்டங்கூட்டமாக அழிக்கும் கொள்ளைநோயைப் பற்றிய அத்தியாயம் அது. அங்கே அக்னிவேசன் எழுப்புகிற ஐயத்துக்கு இன்றும் வயதாகவில்லை. பிரகிருதியிலும் ஆகாரத்திலும் தேகபலத்திலும் மனோபலத்திலும் வயதிலும் ஒருவரோடொருவர் ஒவ்வாத மாந்தர் அனைவரும் ஒரே காலத்தில் ஒரே வியாதிக்கு இரையாவது எவ்விதம் என்று அவன் கேட்கிறான். மனிதருக்கு மனிதர் வேறுபட்டாலும் காற்று, நீர், நிலம், காலம் என்ற நான்கும் எல்லாருக்கும் பொது. அவை கெட்டால் எல்லாரும் கெடுவர் என்பது குருவின் விடை. அவை கெடுவதற்கு மூலம் அதர்மம் என்றும், அந்த அதர்மம் ஆளுவோரிடமிருந்து தொடங்கிக் குடிகள் வரை பரவுகிறது என்றும் அவர் மேலும் சொல்கிறார்.

2020ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் மைசூர் அக்ரஹாரத்தில் அந்தக் கேள்வி தலைகீழாகத் திரும்பி வந்தது. அரண்மனைக்குத் தெற்கே, ராமானுஜ ரோடும் தியாகராஜ ரோடும் வாணிவிலாஸ் மார்க்கெட்டும் சூழ்ந்த இந்தப் பேட்டையில், வாசலில் கன்னடமும் அடுக்களையில் தமிழுமாகத் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்கள் பல உண்டு. காற்று ஒன்று, குழாய் நீர் ஒன்று, வந்த கோவிட் நோயும் ஒன்று. ஆயினும் ஒருவர் மூன்று நாள் ஜுரத்தோடு எழுந்து காபி குடிக்க, அதே சுவரைப் பகிர்ந்த அடுத்த ஆத்துக்காரர், வயதிலும் பெரிய வித்தியாசமில்லாதவர், பத்தாம் நாள் மூச்சுக்குத் தவித்து மாண்டுபோனார். எல்லாரும் ஒரே நோயால் ஏன் சாகிறார்கள் என்று அக்னிவேசன் கேட்டான். ஒரே நோய் வந்தும் எல்லாரும் ஏன் சாகவில்லை என்று நாம் கேட்டோம். துக்கம் விசாரிக்கப் போன ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கேள்வி வாய்விட்டோ விடாமலோ எழுந்ததால், இதை மருத்துவருக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கிவிட முடியாது. மனிதனுக்கு நேர்வது அவன் செய்ததன் பலனா என்ற பழைய கர்ம விசாரமே இது.

முதலில் கிடைத்த விடை ஆசாரத்தின் விடை. "நம்மாத்துச் சாத்தமுதுல மொளகும் மஞ்சளும் இருக்கறச்சே நமக்கு என்ன வந்துடும்" என்று அந்த முதல் மாதங்களில் பெரியவர்கள் சொல்லிக்கொண்டார்கள். அதிலிருந்த நம்பிக்கையை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். இலையில் அன்னம் விழுந்ததும் கையில் ஜலமெடுத்துச் சுற்றிப் பரிசேஷணம் செய்து, பிராணன், அபானன், வியானன், உதானன், சமானன் என்ற ஐவருக்கும் ஐந்து சிட்டிகை அன்னத்தைப் பல்லில் படாமல் ஆகுதியாக விழுங்கிய பிறகே உண்ணத் தொடங்குகிறவர், வயிற்றில் எரிவது வைசுவானரன் என்ற அக்கினி என்றும், உண்பது ஒரு ஹோமம் என்றும் தினந்தோறும் தம் உடம்பைக்கொண்டே சொல்லிக்கொள்கிறார். உண்ட ஆகாரம் உள்ளே எவ்வாறு எரிகிறது, எரியாமல் எங்கே தேங்குகிறது என்பதையே உடலின் வளர்சிதை மாற்றம் என்று இன்றைய வைத்தியம் ஆராய்கிறது. அவ்விஷயத்தில் முன்னோர்களின் பார்வை சரியான இடத்தில்தான் விழுந்தது.

ஆனால் அந்த அக்கினியில் நாம் இட்டுவந்தது என்ன? இரண்டு வேளையும் தீட்டிய வெள்ளை அரிசி. சாத்தமுதுக்குப் பின் மோருக்கும் அதே சாதம். கறியமுது என்ற பெயரில் பாதி நாள் உருளைக்கிழங்கு. நான்கு தடவை சர்க்கரை போட்ட காபி. ஏகாதசியன்று அரிசியை விலக்கி அதற்கு ஈடாக வயிறு நிறைய ரவை உப்புமாவும் வாழைப்பழமும். பருப்பின் அளவோ குழம்பில் தேடிப் பார்க்க வேண்டியதாக இருக்கும். பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் உணவைக் குணத்தால் பிரிப்பதை அறிந்த நாம், மிகுதியாக உண்பவனுக்கும் யோகமில்லை, உண்ணாதே கிடப்பவனுக்கும் யோகமில்லை என்று ஆறாம் அத்தியாயம் அளவை முன்வைப்பதை அவ்வளவாக நினைவில் வைக்கவில்லை. திருவள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தின் பத்துக் குறளில் ஆறை உணவின் அளவுக்கும், முன் உண்டது செரித்ததா என்ற கவனத்துக்குமே கொடுத்திருக்கிறார்; எந்தக் காய்கறி புனிதமானது என்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மைசூரிலேயே கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சோதித்த ஓர் ஆய்வில் 43 சதவீதம் பேருக்கு வைட்டமின் பி12 குறைவாக இருந்தது. பாலும் தயிரும் போதிய அளவில் இல்லாத சைவ உணவு அந்தச் சத்தைத் தருவதில்லை. மரக்கறி உணவே உண்டு வளர்ந்தவன் நான். இனியும் அதையே உண்பேன். ஆயினும் அதன் தூய்மை நோயைத் தடுக்கும் கவசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த மண்ணின் உணவும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. மைசூர்ச் சீமையின் உழைப்பாளிகள் கேழ்வரகுக் களியையும் அவரையையும் கொள்ளையும் கீரைச் சாற்றையும் உண்டு வளர்ந்தவர்கள். 1911இல் தொடங்கிய கண்ணம்பாடி அணைக்கட்டு முடிந்து, காவிரி வாய்க்கால்களில் இறங்கி, மண்டியா வட்டாரம் நெல்லும் கரும்புமாகப் பசுமை பூண்டது; 1933இல் அங்கே சர்க்கரை ஆலையும் வந்தது. பஞ்சத்தை விரட்டிய அந்த மகத்தான காரியத்தை நன்றியில்லாமல் பேசுவது பாவம். எனினும் அந்த வெள்ளை அரிசியும் வெள்ளைச் சர்க்கரையும், உட்கார்ந்து செய்யும் உத்தியோகத்தோடு சேர்ந்து, இரண்டு தலைமுறைக்குள் நம் உடம்பில் எழுதிய கணக்கையும் பார்க்கத்தானே வேண்டும்? 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வு, வயதுவந்தோரில் 11.4 சதவீதம் பேர், அதாவது பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர், நீரிழிவு உள்ளவர்கள் என்று மதிப்பிட்டது.

கோவிட் நோய் அத்தகைய உடம்புகளை அடையாளம் கண்டு தாக்கியது போலவே நடந்துகொண்டது. முதுமைதான் எல்லாவற்றிலும் பெரிய அபாயமாக இருந்தது. அதற்கடுத்த வரிசையில் நீரிழிவும் பருமனும் இருதய நோயும் சிறுநீரகக் கோளாறும் நின்றன. 2020இல் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் அந்நோயால் இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நீரிழிவுக்காரர். சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் கிருமியை விழுங்க வேண்டிய வெள்ளணுக்கள் மந்தப்படுகின்றன. வயிற்றைச் சுற்றித் தங்கிய கொழுப்பு ஓயாமல் ஒரு சிறு அழற்சியை உடம்பெங்கும் கசியவிட்டுக்கொண்டே இருப்பதால், புதிய கிருமி நுழைந்ததும் எழும் தற்காப்பு அளவு மீறி, காக்க வந்ததே நுரையீரலை எரிக்கிறது. நோயின் தாக்குதல் சர்க்கரையை ஏற்ற, உயிர் காக்கக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்தும் அதை ஏற்றுகிறது. 2021 கோடையில் கறுப்புப் பூஞ்சை நோய் கண்ணையும் தாடையையும் கவர்ந்துகொண்டு போனவர்களில் மிகப் பெரும்பாலோர் இப்படிச் சர்க்கரை கட்டுக்கடங்காதவர்கள்தாம்.

இந்த உண்மைகள் பரவியதும் இரண்டாவது விடை பிறந்தது. அதைச் சொன்னவர்கள் புராணம் படிப்பவர்கள் அல்லர். காலையில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் வேகமாக நடப்பவர்கள், ரத்தப் பரிசோதனைத் தாளைச் சட்டைப்பையில் வைத்திருப்பவர்கள். "வாயைக் கட்டியிருந்தால் பிழைத்திருப்பார்" என்றார்கள். இறந்தவருடைய இனிப்புப் பிரியமும் தொப்பையும் பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரப் பந்தியிலேயே பேசப்பட்டன. முன்ஜன்மப் பாவத்தால் போனார் என்று ஒரு காலத்தில் சொன்ன அதே நாவு இப்போது இந்த ஜன்மத்து மைசூர்ப்பாகால் போனார் என்று சொல்லிற்று. சாஸ்திரத்தின் பெயர்தான் மாறியதே ஒழிய, இறந்தவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி இருப்பவனை நிரபராதி என்று விடுவிக்கும் தீர்ப்பு மாறவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு மஞ்சள் பூசாத முகத்தோடு உள்ளே உட்கார்ந்திருந்த அந்த வீட்டுப் பெண்மணி, அறுபது வருஷம் கணவருக்கு உலை வைத்த தன் கையே அவரைக் கொன்றதோ என்று எண்ணியிருப்பாள் அல்லவா?

இந்தத் தீர்ப்பு பொய் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். இதே மைசூரில் சாட்சி இருக்கிறது. மண்டி மொகல்லாவில் 1906இல் மெதடிஸ்ட் மிஷனார் பெண்களுக்காகத் தொடங்கிய ஹோல்ட்ஸ்வர்த் ஞாபகார்த்த ஆஸ்பத்திரியை ஊரார் மிஷன் ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். அங்கே 1934ஆம் ஆண்டு முதல் பிறந்த ஒவ்வொரு குழந்தையின் எடையையும் நீளத்தையும் தலைச் சுற்றளவையும் பேரேடுகளில் எழுதி வைத்தார்கள். எழுதிய செவிலியருக்கு அது அன்றாடக் கடமை. அறுபது ஆண்டுகளுக்குப் பின் அது என்ன சொல்லப்போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. 1990களில் அந்த ஆஸ்பத்திரி மருத்துவர்களும் இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்களும் கூடி, 1934க்கும் 1954க்கும் இடையே அங்கே பிறந்து இன்னும் ஆஸ்பத்திரியைச் சுற்றி வாழ்ந்துகொண்டிருந்த 517 ஆண் பெண்களைத் தேடிப்பிடித்து, அவர்களுடைய இருதயத்தைப் பரிசோதித்து, அந்தப் பழைய பேரேட்டோடு ஒப்பிட்டார்கள். பிறக்கும்போது இரண்டரைக் கிலோவோ அதற்குக் குறைவோ இருந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இருதயக் குழாய் நோய் இருந்தது. மூன்று கிலோவைத் தாண்டிப் பிறந்து கொழுகொழுவென்று எடை காட்டியவர்களில் 3 சதவீதம் பேருக்கே இருந்தது. மிக அதிகமான 20 சதவீதம், எடை குறைந்து பிறந்ததோடு, கர்ப்பகாலத்தில் நாற்பத்தைந்து கிலோவும் தேறாத தாய்மாருக்குப் பிறந்தவர்களிடம் காணப்பட்டது.

நீரிழிவின் கதை சற்று வேறு. அதில் நீளம் குறைந்து உடல் திரண்டு பிறந்த குழந்தைகளே பிற்காலத்தில் அதிகம் அகப்பட்டார்கள். பின்னர் அதே ஆஸ்பத்திரியில் 1997 முதல் கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டு நடந்த ஆய்வு, மைசூர்க் குழந்தை வெள்ளைக்காரக் குழந்தையைவிட எடையில் மிகக் குறைந்து பிறந்தாலும் முதுகுத் தோலின் கீழ் உள்ள கொழுப்பில் அவ்வளவாகக் குறைவதில்லை என்று காட்டியது. சதையில் ஏழ்மையும் கொழுப்பில் சேமிப்புமாகப் பிறக்கும் அந்த உடம்பு, பட்டினிக் காலத்துக்கென்று ஆயத்தம் செய்துகொண்ட உடம்பு. கர்ப்பத்தில் தாய்க்குச் சர்க்கரை இருந்தால் அவள் குழந்தை ஒன்பது பத்து வயதிலேயே அதிகக் கொழுப்பும் இன்சுலினுக்கு அடங்காத போக்கும் காட்டுவதையும் அதே ஆய்வு கண்டது.

ஆகவே அறுபதாவது வயதில் கொள்ளைநோய்க்கு இரையான ஒருவருடைய பலவீனத்தில் ஒரு பங்கு, அவர் முதல் கவளம் உண்ணுமுன்பே, தாயின் இடுப்பெலும்பும் அவள் உண்ட அரை வயிற்றுச் சோறும் தீர்மானித்த பங்காகும். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சிய சாதத்தை மோரில் கரைத்துச் சாப்பிட்ட அந்தப் பெண்ணை யாரும் குற்றவாளி என்று சொல்ல மாட்டோம். அவளைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்த வழக்கத்தைச் சொல்லலாம். அந்த வழக்கத்துக்கு ஆசாரம் என்று பெயரிட்டவர்களைச் சொல்லலாம்.

சரித்திரமும் இதையே கூறுகிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினியோடு காலராவும் பேதியும் ஜுரமும் சேர்ந்து மைசூர்ச் சமஸ்தானத்தைச் சூறையாடின; 1871இல் ஐம்பது லட்சத்தைத் தாண்டியிருந்த ஜனத்தொகை 1881இல் சுமார் நாற்பத்திரண்டு லட்சமாகச் சுருங்கிற்று. 1918இல் மழை பொய்த்துத் தானிய விலை ஏறியிருந்த வேளையில் வந்த விஷஜுரம் பம்பாய் நகரத்தில் தாழ்த்தப்பட்டவர்களில் ஆயிரத்துக்கு 61 பேரைக் கொண்டுபோயிற்று. ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு எட்டுப் பேரை. இவ்வளவு வித்தியாசம் கர்மபலன் என்று ஒருவர் சொல்வாரானால், யாருடைய கர்மம் என்று நான் கேட்பேன். 1898இல் பெங்களூரில் இறங்கி மைசூரையும் பிடித்த பிளேக் நோயைச் சொல்லவே வேண்டாம். எலியும் தெள்ளும் இருக்கும் இருண்ட வீட்டில் வசித்தவனை அது கொன்றது. அவன் உண்டது சாத்விகமா ராஜசமா என்று அது விசாரிக்கவில்லை. 1903இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு அமைத்து, நெருங்கிய சந்துகளைத் திறந்து, புதிய பேட்டைகளை ஏற்படுத்தியதுதான் அதற்குப் பரிகாரமாயிற்று. ஆகாரமே எல்லாம் என்று சொல்கிறவர்களுக்கு இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2021 மே மாதத்தில் ஓர் இரவு, பக்கத்திலிருக்கும் சாமராஜநகர் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் போதாமல் நோயாளிகள் மாண்டார்களே, அவர்கள் என்ன பத்தியம் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள்?

மீண்டும் சரகரின் அதே அத்தியாயத்துக்கு வருகிறேன். ஏனெனில் அக்னிவேசன் அங்கே இன்னொன்றும் கேட்கிறான்: ஆயுள் முன்னரே விதிக்கப்பட்டதா? அப்படி விதிக்கப்பட்டிருந்தால் வைத்தியமும் பத்தியமும் வீண் என்று ஆத்திரேயர் மறுத்து, முற்பிறவிச் செயலாகிய தைவமும் இப்பிறவி முயற்சியாகிய புருஷகாரமும் சேர்ந்தே ஆயுளை அமைக்கின்றன என்கிறார். வண்டியின் அச்சை உவமை காட்டுகிறார். நல்ல மரத்தில் செய்து ஒழுங்காக ஓட்டிய அச்சு தன் காலம் முடிய உழைத்துத் தேய்கிறது. பாரம் மிகுந்தாலோ, பாதை குண்டும் குழியுமானாலோ, வண்டிக்காரன் தவறினாலோ, மை போடாவிட்டாலோ, அதே அச்சு நடுவழியில் முறிகிறது. இந்த உவமையை முழுதும் ஏற்றுக்கொண்டு பார்த்தால் நம்முடைய இரண்டு விடைகளும் எவ்வளவு சிறியவை என்பது புலப்படும். பாரத்தைக் குறைப்பதும் மை போடுவதும் என் கையில். அதில் நான் சோம்பினால் குற்றம் எனக்குண்டு. மரம் எந்தக் காட்டில், எந்த வறட்சியில் வளர்ந்தது என்பது என் கையில் இல்லை. பாதை போட்டவனும் நான் இல்லை. நம்முடைய பேச்சிலோ வண்டிக்காரனின் தவறு ஒன்றே அகப்படுகிறது.

கர்மத்தை நான் நம்புகிறேன். செய்தது பலன் தராமல் போகாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் செய்தவனுக்கே அது திரும்பும் என்று ஒவ்வொரு தனி ஆளுக்கும் தனிக் கணக்கு எழுதுவது, கண்ணால் காணும் உலகத்துக்கு ஒத்துவரவில்லை. ஒரு வீட்டார் மருமகளுக்கு வைக்காத பால் அவள் மகனுடைய இருதயத்தில் ஐம்பது வருஷம் கழித்துப் பலன் தருகிறது. செய்தவர் வேறு, அனுபவிப்பவர் வேறு. நம் சாஸ்திரங்களிலேயே இதற்கு இடம் உண்டு: மனிதன் பிறக்கும்போதே ரிஷிகளுக்கும் தேவர்களுக்கும் பித்ருக்களுக்கும் கடனாளியாகப் பிறக்கிறான் என்று அவை சொல்கின்றன. பித்ருக்களிடம் வாங்கியது இந்தச் சரீரம். அதன் கொழுப்பும் கணையமும்கூட அவர்கள் தந்தவையே. அமாவாசைதோறும் எள்ளும் தண்ணீரும் இறைப்பதோடு அந்தக் கடன் அடைவதாக எனக்குத் தோன்றவில்லை. பின்னால் வருகிறவர்களுக்கு நல்ல மரத்தில் அச்சு செய்து கொடுத்தால்தான் அது அடையும்.

சாந்தோக்ய உபநிஷத்தில் அசுவபதி ராஜன் வைசுவானர வித்தையை உபதேசித்து முடிக்குமிடத்தில், இதை அறிந்தவன் தன் உச்சிஷ்டத்தைச் சண்டாளனுக்குக் கொடுத்தாலும் அது வைசுவானர ஆத்மாவிலேயே ஹோமமாகிறது என்றும், பசித்த பிள்ளைகள் தாயைச் சூழ்ந்து உட்காருவதைப் போல எல்லா உயிர்களும் அந்த அக்கினிஹோத்திரத்தைச் சூழ்ந்திருக்கின்றன என்றும் சொல்கிறான். ஜாதி வைத்துப் பேசிய காலத்தின் சொல் அதிலே உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் என் வயிற்றில் எரிவதும் அவன் வயிற்றில் எரிவதும் ஒரே அக்கினி என்பதைவிடத் துணிந்த வாக்கியத்தை நான் எங்கும் கண்டதில்லை. பரிசேஷண நீரால் என் இலைக்கு மட்டும் எல்லை கட்டிக்கொண்டு உண்பவன் அந்த வித்தையை முழுதும் கற்றவன் ஆகான்.

2021 டிசம்பரில் கர்நாடக அரசு வடபகுதி மாவட்டங்கள் சிலவற்றில் பள்ளிக்கூட மதிய உணவோடு முட்டையும், வேண்டாதவர்களுக்கு வாழைப்பழமும் கொடுக்கத் தொடங்கியபோது, மடாதிபதிகள் சிலர் தர்மத்தின் பெயரால் அதை எதிர்த்தார்கள். தமிழ்நாட்டுச் சத்துணவில் பல ஆண்டுகளாகவே முட்டை உண்டு. நான் முட்டை உண்பதில்லை. ஆனால் அதை உண்ணும் வழக்கமுள்ள வீட்டுக் குழந்தையின் தட்டிலிருந்து அதை எடுக்கச் சொல்வதற்கு என் நியமம் எனக்கு அதிகாரம் தருவதில்லை. அந்தக் குழந்தைகளில் பாதிப் பேர் பெண்கள். பதினைந்து வருஷத்தில் தாயாகப் போகிறவர்கள். கர்நாடகத்தில் 2017 அக்டோபரில் தொடங்கிய மாத்ருபூர்ண திட்டத்தின்படி அங்கன்வாடிகளில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மதியச் சோறும் பருப்பும் கீரையும் பாலும் முட்டையும் கடலை மிட்டாயும் தர ஏற்பாடுண்டு. மாதம் முற்றிய வயிற்றோடு தினமும் நடந்து போய்ச் சாப்பிடுவது பலருக்கு முடியாமற்போனது என்ற குறையும் உண்டு. அக்ரஹாரத்தில் ராமநவமிக்குப் பானகமும் கோசம்பரியும், வைகுண்ட ஏகாதசிக்குப் பிரசாதமும் வழங்குவதற்கு வசூல் செய்ய ஆள் குறைவதே இல்லை. அந்த ஆட்களில் இருவர் பக்கத்துப் பேட்டை அங்கன்வாடிக்குப் போய், இந்த வாரம் பால் வந்ததா, பருப்பு போதுகிறதா, நடக்க முடியாதவளுக்கு யார் தூக்கு எடுத்துப் போகிறார்கள் என்று கேட்டு, குறைகிறதை இந்தத் தெருவிலிருந்து கொடுக்கலாம்; அதை அவர்கள் சிராத்தத்துக்கு அடுத்த நாளே தொடங்கினால் மிகவும் பொருத்தம்.